இல்லக் காவலும் இல்லத் தூய்மையும்
கித்துல்கலச் சூழலை முன்வைத்த ஒரு நோக்கு

தமிழ்மொழியில் ‘வீடு’ என்னுஞ் சொல் மனையையுங் குறிக்கும். துன்பத்தினின்றும் விடுபடும் பேற்றையுங் குறிக்கும். மனிதன் பகலெல்லாம் உழைத்துக் களைத்தபின் அச்சமுங் கவலையும் நீங்கி இளைப்பாறும் இடமே மனை என்பது இவ்வொப்புமையால் விளங்கும். ஆயின், அச்சம் நீங்கவேண்டிய அவ்விடமே அச்சத்திற்குக் காரணமாகுமெனின், அதனினும் பெருந்துன்பம் வேறில்லை. மலைச்சரிவிலும் ஆற்றோரத்திலும் வாழும் மக்களுக்கு இஃது ஏட்டில் எழுதும் கருத்தன்று. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நேருக்கு நேர் நிற்கும் உண்மையாகும். அத்தகைய சூழலொன்றை எடுத்துக்கொண்டு, குடும்பமொன்று தன்னைத்தான் காத்துக்கொள்ளும் வழிகளும், குடும்பத்தாற் காக்கவியலாதன எவை என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இடத்தின் இயல்பு

சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து அற்றனுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது கித்துல்கல. கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மேலே மலைநாட்டில் தோன்றி, இப்பகுதிக்கு அண்மையிற் கூடிக் களனி கங்கையாகின்றன. தேயிலையும் இறப்பரும் அயலயலே வளரும் நிலம் இது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளில் மோதி மழையைச் சொரியும் மேலைச் சரிவில் இவ்விடம் இருத்தலின் இங்கு மழை மிகுதி. இச்சரிவிலே மேலேயுள்ள வட்டவளை முதலிய இடங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரையுங் கடக்கும்.

கித்துல்கலவுக்கு அண்மையில் பெலி லென என்னும் பாறைக்குகை உண்டு. ஏறத்தாழ முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அதனைத் தம் இருப்பிடமாகக் கொண்டனர் எனத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல முதலியோர் நடத்திய அகழ்வாய்வுகள் காட்டுகின்றன. எழுத்தறியா அம்மனிதர் மழை நனைக்காத உறுதியான பாறையை நாடிக் குடிபுகுந்தனர். தாம் வாழுமிடத்தைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. பிரித்தானியர் காலத்திலே தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கோ அவ்வுரிமை இருந்ததில்லை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பராவும் முன்புறத்தே ஓர் இஸ்தோப்புமாக, வரிசையாய் இணைத்துக் கட்டப்பட்ட லயங்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். லயம் எங்கே அமையவேண்டும் என்பதனை வேலைத்தலத்தின் வசதியே தீர்மானித்தது. அதில் வாழ்வோர் தீர்மானிக்கவில்லை. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளாது தோட்டத்து இல்லங்களின் காவலைப் பற்றிப் பேசுவது பயன்தராது.

வரலாறு தரும் பாடம்

ஆபத்து எப்பொழுதும் எதிர்பார்த்த திசையிலிருந்தே வரும் என்பதில்லை. இதற்கு 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் தக்க சான்றாகும். மழைக்குப் பெயர்போன களனிப் பள்ளத்தாக்கிலே 1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. பெருக்கெடுத்தோடவேண்டிய ஆறுகள் வற்றி, மணலிலும் பாறையிடுக்கிலும் சிறுசிறு குட்டைகளாகத் தேங்கின. வெயில்படும் அத்தெளிந்த குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்பு அளவின்றிப் பெருகிற்று. வறண்ட வலயத்து மக்களைப்போல இந்நோய்க்குப் பழக்கப்படாத ஈரவலயத்து மக்களே பெரிதும் மாண்டனர். சில மாதங்களுள் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர். மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டம் கேகாலையாகும். அக்காலத்தில் இப்பகுதியில் நிவாரணப் பணியாற்றியோருள் கலாநிதி என். எம். பெரேரா குறிப்பிடத்தக்கவர். மருந்து மட்டும் போதாது, பசியால் மெலிந்த உடலுக்கு உணவும் வேண்டும் என்பதை அப்பணியாளர் கண்கூடாகக் கண்டனர்.

பின்னர் வீடுகளுக்கு டீடீடீ மருந்து தெளிக்கப்பட்டமையால் நோய் தணிந்தது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டிவிட்டதென எண்ணிக் கண்காணிப்பைத் தளர்த்தியதும், அப்பத்தாண்டு முடிவதற்குள் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றிக்கொண்டது. நெடுநாள் முயற்சியின் பின்னர் 2016 ஆம் ஆண்டிலேயே இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இவ்வரலாற்றினின்றும் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, வீட்டு வாயிலில் நிற்கும் சிறிது நீரும் நாட்டையே வருத்தவல்லது. மற்றொன்று, தூய்மையும் காவலும் ஒருநாட் செய்து ஓய்ந்துவிடும் காரியங்களல்ல.

அன்றாட ஆபத்துக்கள்

பேரிடர் ஆண்டில் ஒருமுறை வருவது. சிற்றிடர் நாடோறும் வருவது. ஆகவே அன்றாட ஆபத்துக்களை முதலில் நோக்குதல் முறை.

நீரை முதலில் எடுத்துக்கொள்வோம். தோட்டத்து மக்களிற் பலர் மலையூற்று நீரையே பீலியிற் பிடித்தும் குழாய்வழிக் கொண்டும் பயன்படுத்துவர். ஊற்று நீர் தெளிவாகத் தோன்றுமாயினும், மேட்டிலுள்ள மலசலகூடக் குழிகளிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் கசியும் அழுக்கு அதனிற் கலத்தல் கூடும். தெளிவு வேறு, தூய்மை வேறு. குடிநீரைத் துணியால் வடித்துக் கொதிக்கவைத்து, கொதி நன்கு எழுந்தபின் ஒரு நிமிடமேனும் அடுப்பில் விட்டு, மூடிய பாத்திரத்தில் ஆறவிடல் வேண்டும். கொதிக்கவைத்த நீரிற் கையை விட்டு மொள்ளும் வழக்கம் செய்த வேலையையெல்லாம் பாழாக்கிவிடும். பிடியுள்ள அகப்பையால் மொள்வதும், சரித்து ஊற்றிக்கொள்வதும் நலம். வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு ‘ஜீவனி’ கரைசல் கைவசம் இல்லையெனின், ஒரு லீற்றர் தூய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்கலாம். இது காலத்தைக் கடத்தாது வைத்தியரிடம் கொண்டுசெல்லும்வரை உயிரைத் தாங்கும் உபாயமேயன்றி, வைத்தியருக்கு மாற்றன்று.

அடுத்தது நெருப்பு. லயக் காம்பராக்களில் விறகடுப்பே நெடுங்காலம் எரிந்தது. இன்றும் பல வீடுகளில் எரிகின்றது. அடுப்புக்கு மேலே விறகு காயவைப்பதும், அருகே துணி உலர்த்துவதும் தீக்கு அழைப்பு விடுப்பதாகும். லயத்தில் ஒரு காம்பராவில் எழும் தீ அக்காம்பராவோடு அடங்குவதன்று. கூரை ஒன்றே ஆதலின், சுவருக்கு மேலுள்ள வெளிவழியாக அது வரிசை முழுவதற்கும் தாவும். எனவே தீக்காவல் தனியொருவர் கடமையாகாது; வரிசை முழுவதன் கூட்டுக் கடமையாகும். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு இலட்சக்கணக்கான ஏழை இல்லங்களின் ஒளியாய் இருந்தது. எளிதிற் கவிழ்ந்து உடலைச் சுடும் எமனாகவும் இருந்தது. இதனால் வெந்தோருக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர என்பவர், குட்டையாகவும் கனமாகவும் பக்கம் தட்டையாகவும் அமைந்து, விழுந்தாலும் உருளாத ‘சுதீப’ என்னும் விளக்கை ஆக்கி, 1998 ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது பெற்றார். உயர்ந்த கல்விக்குப் பயன் எளியோர் மனையில் எரியும் விளக்கையும் நோக்குதலே என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. மின்னொளி பரவிய இக்காலத்திலும் மழையால் மின்சாரம் தடைப்படும் இரவுகளில் குப்பி விளக்கு மீண்டும் தலைகாட்டுவதுண்டு. ஆதலின் மின்சூள் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் வேண்டும். தீப்பட்ட உடலில் பற்பசை, எண்ணெய், மை முதலியன பூசுதல் தவறு. இருபது நிமிடம் வரை ஓடும் குளிர்ந்த நீரில் பிடித்து, தூய துணியால் மெல்ல மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலே சரியான முறையாம்.

நஞ்சு மூன்றாவது. இறப்பர்ப் பாலை உறையவைக்கப் பயன்படும் போமிக் அமிலம் சிறு தோட்டக்காரர் மனைகளிற் காணப்படும் பொருள். களைகொல்லி, மண்ணெண்ணெய் முதலியனவும் அவ்வாறே. இவற்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுக்களைத் தட்டில் வைக்கும் பழக்கம் எத்தனையோ குழந்தைகளுக்குக் கேடு விளைத்துள்ளது. குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. போத்தலின் வடிவமே தெரியும். நச்சுப்பொருளை அதன் மூலக் கலத்திலேயே வைத்து, பூட்டுள்ள உயரமான இடத்தில் அடைத்தல் வேண்டும். அமிலத்தையோ மண்ணெண்ணெயையோ குடித்தவரை வாந்தியெடுக்கச் செய்தல் ஆகாது. உள்ளே செல்லும்போது சுட்ட பொருள் வெளியே வரும்போதும் சுடும். மண்ணெண்ணெய் சுவாசப்பையுட் புகுந்து மேலும் கேடு செய்யும். மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் குளோரீன் கலந்த வெளிற்றும் திரவத்தையும் ஒன்றுசேர்த்தால் ‘இரட்டைத் தூய்மை’ கிட்டும் எனச் சிலர் எண்ணுவர். கிட்டுவது குளோரீன் வாயுவே. அடைத்த அறையில் அது மூச்சைத் திணறச்செய்யும்.

இறுதியாகச் சிற்றுயிர்கள். இறப்பர் மரங்களிற் பாலேந்தும் சிரட்டைகள் வெட்டு நின்ற காலத்தில் நிமிர்ந்து கிடப்பின், மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு முட்டையிடும் தொட்டிலாகும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 இற்கு மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்டனர். சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதற்குச் செலவு யாதும் இல்லை. எலிக்காய்ச்சல் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களை நெடுநாளாக வருத்தும் மற்றொரு நோய். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் இறங்குவோர் காலிலுள்ள சிறு புண்வழியே கிருமி உட்புகும். வயலிலும் கானிலும் வேலை செய்வோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகித் தடுப்பு மாத்திரை பெறலாம். காய்ச்சலோடு தசைநோவும் கண் சிவத்தலும் காணின் சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாது கூறல் வேண்டும். பாம்பு கடித்தவிடத்து இறுகக் கட்டுதலும் கீறுதலும் வாயால் உறிஞ்சுதலும் ஆகா. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, 1990 என்னும் இலக்கத்தில் ‘சுவசெரிய’ நோயாளர் ஊர்தியை அழைத்து, விரைந்து மருத்துவமனை சேர்தலே உயிர்காக்கும்.

பேரிடரின் முன்னறிகுறி

கித்துல்கல போன்ற இடங்களில் மழைக்காலப் பேரிடர் இரண்டு. ஒன்று ஆறு, மற்றொன்று மலை.

ஆற்றின் இயல்பை ஆற்றோரத்தார் அறிவர். ஆயினும், மேலே கனியன், லக்சபான முதலிய நீர்த்தேக்கங்கள் அமைந்தபின் ஆறு தன் மழைக்கு மட்டும் பெருகுவதன்று. மேல்மலையில் மழை கொட்டி வான்கதவுகள் திறக்கப்படும்போது, இங்கு வானம் வெளுத்திருப்பினும் நீர்மட்டம் விரைந்து உயரலாம். துணி துவைக்கவும் குளிக்கவும் இறங்குவோர் அறிவித்தலைப் புறக்கணித்தல் பேதைமை. வெள்ளம் வடிந்தபின் கிணற்று நீரைச் சுகாதாரப் பகுதியார் குளோரீன் இட்டுத் தூய்மை செய்யும்வரை பருகலாகாது. சேறு படிந்த தளத்தைக் கையுறையும் காலணியும் அணிந்தே கழுவுதல் வேண்டும். நீர் புகுந்த வீட்டில் மின்னாளியைத் தொடுமுன் அறிந்தவர் ஒருவர் சோதித்தல் இன்றியமையாதது.

மலை அவ்வாறன்று, அது பெருகுவதில்லை, ஆனால் சரிகின்றது. மழைநீர் மண்ணினுட் புகுந்து அதன் பாரத்தைப் பெருக்கி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையேயுள்ள பிடிப்பைக் குறைக்கும். அப்பொழுது சரிவு தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது இறங்குகின்றது. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புக்கள் தோன்றல், மரமும் மின்கம்பமும் சாய்தல், கதவு யன்னல்கள் திடீரென இறுகல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பல், இருந்த ஊற்று வற்றல் அல்லது கலங்கல் ஆகியன இதன் முன்னறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்குமாறும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுமாறும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுமாறும் அறிவுறுத்துகின்றது. மழையளவைக் கருவி இல்லாதோரும் அடியும் வாயும் ஒரே அகலமான தட்டையடிப் பாத்திரமொன்றை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளக்கலாம். மூன்று அங்குலம் முதல் எச்சரிக்கை. நான்கு அங்குலம் மூட்டை கட்டும் வேளை. ஆறு அங்குலம் வீட்டில் இருக்கலாகாத வேளை. பாடசாலைப் பிள்ளையொருவன் இதனைச் செய்து லயத்தார்க்கு அறிவிப்பானாயின் அவன் கற்ற பூமிசாத்திரம் பயனுடைத்தாகும்.

வெளியேறும் வேளையில் எதனைத் தேடுவது என மயங்குவதே உயிரைக் குடிக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள், பிள்ளைகளின் மருத்துவக் குறிப்பேடு, நாடோறும் உண்ணும் மருந்து, மின்சூள், சிறிது பணம் ஆகியவற்றை நீர் புகாப் பையொன்றில் இட்டுக் கதவருகே தொங்கவிடல் வேண்டும். பிரசைக்குரிய பத்திரமின்றிப் பல தலைமுறை அல்லலுற்ற மக்களுக்குப் பத்திரத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதியோரையும் நடக்கமாட்டாதாரையும் யார் கொண்டுசெல்வது என்பதை முன்னரே பகுத்துவைத்தலும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தைப் பிள்ளைகளும் மனனஞ் செய்தலும் நலம்.

எச்சரிக்கையின் எல்லை

இதுவரை கூறியன குடும்பத்தாற் செய்யத்தக்கன. இனிக் கூறுவது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. 2014 ஒற்றோபர் 29 ஆம் நாள் காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின்மீது மலை சரிந்தது. அவ்விடம் ஆபத்தானதென 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் கிராமங்கள் மண்ணுட் புதைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அதே மழையில் புளத்கொகுபிட்டியவைச் சேர்ந்த களுப்பான தோட்டத்து லயமொன்றும் புதையுண்டு பலர் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி மலைநாடெங்கும் சரிவுகளை உண்டாக்கி, நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது; கேகாலையும் அதற்குத் தப்பவில்லை.

எச்சரிக்கை கிடைத்தும் மக்கள் ஏன் அகலவில்லை என்று வினவுவோர் உளர். அகன்று எங்கே செல்வது என்பதே அவ்வினாவுக்கு விடை. வீடும் நிலமும் தோட்டத்திற்குரியன. வேலையும் அவ்வீட்டோடு பிணைந்தது. மழை விட்டதும் மறுநாட் பிரட்டுக்குச் சென்றாலன்றிச் சம்பளமில்லை. இந்நிலையில் ‘வெளியேறுக’ என்னும் சொல், செல்லுமிடத்தையுஞ் சேர்த்துச் சொன்னாலன்றி, முழுமையான எச்சரிக்கையாகாது. 2015 ஆம் ஆண்டின் பின்னர் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் வகுக்கப்பட்டமையும், இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் வீடுகள் எழும்பியமையும் வரவேற்கத்தக்கன. வீடு எண்ணிக்கையிற் பெருகினாற் போதாது. உறுதியான நிலத்தில் அமைதலும், அந்நிலம் குடியிருப்போன் பெயரில் எழுதப்படுதலும் வேண்டும். தனக்குரியதல்லாத சுவரின் வெடிப்பை அடைக்க எவனும் முன்வாரான். தனக்குரிய சுவரிலோ மயிரிழை வெடிப்பும் அவன் கண்ணுக்குத் தப்பாது.

முடிவுரை

திருவள்ளுவர் நோயின் முதலை நாடவேண்டும் என்பதை ‘மருந்து’ என்னும் அதிகாரத்துள் வற்புறுத்துகின்றார். இல்லக் காவலுக்கும் அந்நெறியே பொருந்தும். இது பெண்டிர் தொழில் என ஆடவர் ஒதுங்கலும், அரசின் தொழில் என மக்கள் ஒதுங்கலும், மக்களின் தொழில் என அரசு ஒதுங்கலும் ஒன்றற்கொன்று குறைந்த குற்றங்களல்ல.

தமிழர் மனைகளில் தூய்மைக்கெனப் பண்டிகைகள் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. சித்திரைப் புத்தாண்டு தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்னர் வருவது. தீபாவளி இடைப்பருவ மழைக்காலத்தில் வருவது. தைப்பொங்கல் மழை ஓயும் வேளையில் வருவது. புத்தாண்டுக்கு வீட்டை மெழுகும்போதே கூரையையும் கானையும் பார்த்தல், தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கும்போதே பத்திரப் பையையும் மின்சூளையும் சோதித்தல், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே மழை விட்டுச்சென்ற வெடிப்புக்களைக் குறித்துத் தோட்ட நிருவாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் அறிவித்தல் என வழக்கப்படுத்திக்கொள்ளின், புதிய பழக்கமொன்றைப் புகுத்தும் தொல்லையின்றியே ஆண்டில் மும்முறை இல்லம் காவல் பெறும். விண்ணப்பத்தை எழுதுவதற்குத் தோட்டத்துப் பெற்றோர் தயங்குவராயின், எழுதக் கற்ற மகனும் மகளும் அருகே இருக்கின்றனர். கல்லூரி தந்த எழுத்து முதலிற் காக்கவேண்டியது தன்னைப் படிக்கவைத்த அக்கூரையையேயாம்.